ரெண்டு நூல்

மாவுக்கட்டு அறைக்கு வெளியே போட்டிருந்த இரும்பு பெஞ்சில் மங்கையர்க்கரசி டீச்சர் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. கையிலிருந்த சீட்டில் பதினேழு என்று எழுதியிருந்தது. உள்ளே போயிருந்தது ஆறு. நடுவில் பத்துப் பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு பாடவேளைக்கு மேலேயே ஆகிவிடும். ஒரு பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புக்குத் தோலை நடத்தி முடித்துவிடலாம். முப்பத்தோரு வருஷமாக அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் தோல், மறுநாள் தசை, அதற்கடுத்த நாள் எலும்பு, வெள்ளிக்கிழமை வகுப்புத் தேர்வு. புத்தகத்தில் எலும்புதான் முதலில் இருந்தது. அதை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை. வெளியிலிருந்து உள்ளே போவதுதான் ஒழுங்கு என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். வலது கை மடியில் கிடந்தது. முழங்கைக்குக் கீழே தொடங்கி விரல்களின் வேர் வரைக்கும் கட்டு. போட்ட அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது, இப்போது மஞ்சள் கறையும் கஞ்சிக் கறையுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்திரண்டு நாள். முதல் இருபத்தொரு நாள் கணவர் ஜம்புலிங்கம் இருந்தார். பின் இருபத்தொரு நாள் இல்லை. சரிபாதி. வேண்டுமென்றே யாரோ அளந்து கோடு போட்ட மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் அகிலாண்டம் உட்கார்ந்திருந்தாள், ஜம்புலிங்கத்தின் தங்கை. அண்ணனுக்காக அழுவதையெல்லாம் முதல் வாரத்திலேயே அழுது முடித்துவிட்டு, இப்போது அண்ணியைக் கவனித்துக்கொள்வதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள். “தண்ணி குடிக்கிறீங்களா அண்ணி?” என்றாள். வேண்டாம் என்று டீச்சர் தலையாட்டினாள். “பிரிக்கறப்ப அந்த மெஷின் சத்தம் குலையை நடுக்குமாம். ஆனா தோலை வெட்டாதாம்.” “வெட்டாது அகிலா. அந்தப் பல்லு சுத்தாது, அதிரும், அவ்வளவுதான். கெட்டியா இருக்கறதைத்தான் வெட்டும்.” சொல்லி முடித்த பிறகுதான், இந்த நிலையிலும் பாடம் நடத்துகிறோமே என்று தோன்றியது. அகிலாண்டம் சமர்த்தாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தோல் என்றதும் நினைப்பு அதிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. மேல்தோல் அடியிலிருந்து புதிதாக உண்டாகி, பழையதை மேலே தள்ளி, நாலு வாரத்துக்கு ஒரு தடவை முழுசாக உதிர்ந்துவிடும், இந்த வகுப்பில் யாரும் போன மாதத்துத் தோலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று வருஷா வருஷம் சொல்லுவாள். பிள்ளைகள் தங்கள் கையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். யாராவது ஒருத்தி எழுந்து, அப்ப நாமளும் பாம்பு மாதிரிதானா மிஸ் என்பாள். எல்லா வருஷமும் ஒருத்தி அப்படிக் கேட்க இருப்பாள். முப்பத்தோரு வருஷம் அது பாடமாகத்தான் இருந்தது. இந்த இருபத்தொரு நாளாகத்தான் இல்லை. குளிக்கும்போது தேய்த்துக்கொள்ளப் பயமாக இருந்தது. துண்டால் அழுத்தித் துடைக்கப் பயமாக இருந்தது. தோளில் அவர் கை வைத்த இடம், கணுக்காலில் தைலம் தேய்த்துவிட்ட இடம், தலை பின்னத் தெரியாமல் பின்னிவிட்டபோது அவர் விரல் பட்ட பிடரி, எல்லாம் தண்ணீரோடு தண்ணீராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம். அப்புறம் அவர் தொட்ட தோல் என்று விரல்கடை அகலம்கூட உடம்பில் மிச்சம் இருக்காது. இந்தக் கட்டுக்குள்ளே தவிர. இதற்குள் உதிர்ந்தது எங்கே போகும்? போக வழியில்லை. மணிக்கட்டைச் சுற்றி அப்படியே படிந்து கிடக்கும். அவர் சோப்புப் போட்ட மணிக்கட்டு. துவைகல் பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த அன்று, அவசரப் பிரிவில் கை வீங்கிக்கொண்டே வந்தது. வளையலை உடைத்து எடுத்துவிடலாம் என்று நர்ஸ் இடுக்கியோடு வந்தாள். இருங்கம்மா என்று அவளை நிறுத்திவிட்டு, கை கழுவுகிற தொட்டியிலிருந்து ஒரு துண்டுச் சோப்பை எடுத்துக்கொண்டு வந்தவர் இவர்தான். “இது பேரிங் கழட்டற மாதிரிதான் டீச்சர். அவசரப்பட்டா ரெண்டும் போச்சு.” சோப்பை நுரைக்க நுரைக்கத் தடவி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி, நாலு கண்ணாடி வளையலையும் விரிசல் விடாமல் எடுத்தார். வலி உயிர் போயிற்று, ஆனால் அந்த விரல்கள் வளையலோடு பேசுகிற மாதிரி மெதுவாக நகர்ந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு வரைக்கும் ஆட்டோவில் அது கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. “கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு நானே போட்டு விடறேன்” என்றார். கருமாதிக்கு முந்தின நாள் பெண்கள் கூடி உட்கார்ந்து அவள் இடது கை வளையல்களை எடுத்தார்கள். வலது கைக்கு வந்தபோது எடுக்க ஒன்றும் இல்லை. ஒரு கிழவி கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல முன்னாடியே கழட்டியாச்சுடி” என்று சொல்லி விட்டுவிட்டாள். ஆகவே இடது கைக்குத் தெரியும். நெற்றிக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியும். இந்தக் கைக்கு மட்டும் இன்னும் சேதி போகவில்லை. உள்ளே இருட்டில் படுத்துக்கொண்டு, அவர் வந்து வளையல் போட்டுவிடுவார் என்று காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் போய்ப் பிரித்து வெளிச்சத்தில் போடத்தான் இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவரை மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மனிதர் பாரத்தையெல்லாம் அவள் தோளில் போட்டுக்கொண்டு, போதாததற்கு அவளைத் திட்டிக்கொண்டும் போனார். திட்டட்டும், திட்டட்டும் என்று மங்கையர்க்கரசிக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துத் தன் கட்டின் மேல் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே பிறை போல ஒரு வெட்டு. அதன் ஓரத்தில் பென்சில் கோடு, அழிந்தும் அழியாமலும். அது அவர் போட்ட கோடு. இதைப் பார்த்தால் டாக்டர் கேட்பார். என்ன சொல்வது என்று ஒரு வாரமாக ஒத்திகை நடக்கிறது. சமையல் மேடையில் இடித்துக்கொண்டேன், ஓரம் உடைந்துவிட்டது. பொய்தான். செத்துப் போன மனுஷனை ஒரு சின்னப் பெண் டாக்டர் முட்டாள் என்று சொல்லக் கேட்பதற்குப் பொய் தேவலை. கட்டுப் போட்டுப் பன்னிரண்டாம் நாள் அது. காலாண்டு விடைத்தாள் நாற்பத்தெட்டு, வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று வீட்டுக்கு வாங்கி வந்திருந்தாள். பேனாவைப் பிடித்தால் கட்டின் ஓரம் கட்டைவிரல் சதையில் குத்தியது. இடது கையால் மதிப்பெண் போட்டால் நண்டு நடந்த மாதிரி இருந்தது. ரெண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் அவர் தரையில் செய்தித்தாளை விரித்து, இரும்பு அறுக்கிற பிளேடு, அரை வட்ட அரம், உப்புத்தாள், இரும்பு அடிக்கோல், பென்சில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். பொருந்தாத எதையும் ராவிப் பொருத்திவிடலாம் என்று நம்புகிற ஜாதி. வீட்டில் அவர் அரம் படாத கதவு கிடையாது. “டாக்டரைக் கேக்காம எதுவும் பண்ணக் கூடாதுங்க.” “டாக்டருக்கு விடைத்தாள் திருத்தற வேலையா இருக்கு? ரெண்டு நூல் எடுத்தா போதும்.” நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம், மூன்று மில்லிமீட்டர் சொச்சம். நாட்டுக்கே மில்லிமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று, அவர் நூலை விடவில்லை. மில்லிமீட்டர் உங்க பள்ளிக்கூடத்துக்கு என்பார். “எதுக்கும் கொஞ்சம் ப்ளே வேணும் டீச்சர். அசையறதுக்கு இடமே இல்லாம இறுக்கி மாட்டினா இரும்பே வெடிக்கும். நீ எம்மாத்திரம்?” அவள் கையைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, அளந்து, கோடு போட்டு, அறுத்து, அரத்தால் ராவி, கடைசியில் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். மீசையெல்லாம் வெள்ளைப் பொடி. ஊதி ஊதிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை அவள் விரலில் செருகி, போடு பாப்போம் என்றார். அவள் ஒரு டிக் போட்டாள். சரியாக விழுந்தது. தொப்பி போட்ட அதிகாரி வந்து பாராட்டிவிட்டுப் போன மாதிரி அன்றைக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். அந்தக் கட்டுக்கு அந்த இடத்தில்தான் பிடிமானமே என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கை தன் கையைப் பிடித்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எதையும் யோசிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

“பதினொண்ணு போயாச்சு அண்ணி” என்றாள் அகிலாண்டம். சரி என்றாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். கட்டு தளர்ந்து கிடந்தது, உள்ளே கை ஆடியது. தசை இளைத்துவிட்டிருக்கிறது. எலும்புக்குப் பொறுமை உண்டு, தசைக்குக் கிடையாது. வேலை கொடுக்காவிட்டால் மூன்றே வாரத்தில் கரைய ஆரம்பித்துவிடும். அவர் கேட்ட ப்ளே இப்போது தேவைக்கு மேலேயே இருக்கிறது. வலது கைக்கு வேலையே இல்லாமல் அவர்தான் எல்லாம் செய்தார். இருபது நாள் ஊட்டிவிட்டார். சமையல்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனுஷர். முதல் இரண்டு நாள் அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அவர் பிடிக்கிற உருண்டை கிரிக்கெட் பந்து அளவுக்கு இருக்கும். “என்னங்க, எனக்கு வாய் ஒண்ணுதான் இருக்கு.” “மெல்லு டீச்சர், மெல்லு. தாடையும் தசைதானே, வேலை குடு.” ராத்திரி சாப்பாடு ஆனதும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். எலும்புக்கு எது நல்லது என்று தெரிய வேண்டுமாம். ஒரு நாள் திடுதிப்பென்று நிமிர்ந்து, “எலும்புக்கு உயிர் உண்டாமே டீச்சர்! நான் ஏதோ கட்டடத்துக்குக் கம்பி கட்டின மாதிரின்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். உண்டு, அது தன்னைத் தானே கரைத்துத் தன்னைத் தானே கட்டிக்கொண்டே இருக்கும், பத்து வருஷத்தில் முழுசாகப் புதுசாகிவிடும் என்று சொன்னாள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருஷம். “அப்ப நான் தாலி கட்டின ஆளோட எலும்பு ஒண்ணு கூட இப்ப இல்லையா? மூணு பொண்டாட்டியோட குடித்தனம் பண்ணியிருக்கேனா? பிள்ளை குட்டி இல்லைன்னு ஊரே பேசிச்சு, இதை யாரும் சொல்லலையே!” இருவரும் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை இல்லாததைப் பற்றி அந்த வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி. கட்டி தட்டும், அடிப்பிடிக்கும், உப்புத் தூக்கலாக இருக்கும். குடித்தாள். தசையில் மூன்று வகை. சொன்னால் கேட்கிற தசை, சொல்லாமலே தன் பாட்டுக்கு வேலை செய்கிற தசை, மூன்றாவது. மூன்றாவதற்கு வந்ததும் நினைப்பு நின்றது. தரையில் பதித்த கற்களை எண்ணினாள். நீளவாக்கில் இருபத்திரண்டு. அகலத்தில் எட்டு. மூன்றாவது, பிறந்தது முதல் ஒரு நிமிடம் கூட ஓயாத ஒன்று.

கரண்டி விழுகிற சத்தம்தான் கேட்டது. காலை ஆறே முக்கால். அவர் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். அவள் முன்னறையில் இருந்தாள். கரண்டியைப் போட்டுவிட்டாரே, காலில் கொட்டிக்கொண்டாரோ என்று நினைத்துக்கொண்டு எழுந்ததில் ஒரு நொடி, இரண்டு நொடி போயிருக்கும். போய்ப் பார்த்தபோது அடுப்புக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் பள்ளியில் முதலுதவி நாளன்று ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி அவள்தான் செய்து காட்டுவாள். மார்பெலும்பின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று. முழங்கையை மடக்கக் கூடாது. கையால் அழுத்தக் கூடாது, உடம்பின் பாரத்தால் அழுத்த வேண்டும். இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும். பாவம் பார்த்தால் பயனில்லை. பாவம் பார்த்தால் பயனில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறாள். முட்டி போட்டாள். இடது கையைக் கீழே வைத்தாள், கட்டுப் போட்ட கையை மேலே வைத்தாள். அவர் பனியன், அதற்கடியில் தோல், சொற்பத் தசை, அதற்கடியில் எலும்பு. வெளியிலிருந்து உள்ளே. முப்பது வரை எண்ணினாள், மறுபடி ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தது தெரியும். யாரோ போன் செய்தது தெரியும். வண்டி வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள். வந்தவர்கள் அவளை விலக்கிவிட்டுப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். துக்கத்துக்கு வந்த எல்லோரும், “ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு நீ என்னதான் பண்ணுவே” என்றார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவளுக்கு அது முள்ளாகப் போய்த் தைத்தது. ஏனென்றால் அவளுக்கு நினைவில்லாதது ஒன்று இருந்தது. வலி. மூன்று வாரமே ஆன முறிவு, அதன்மேல் பாரத்தைப் போட்டால் உயிர் போய் உயிர் வர வேண்டும். அவளுக்கு வலித்ததாக நினைவே இல்லை. எத்தனை தடவை அந்தச் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போய்த் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. வலிக்கவே இல்லையென்றால் அழுத்தவே இல்லையா? கை பயந்துகொண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொண்டு, மேலே சும்மா வைத்திருந்ததா? எண்ணினது வாய் மட்டும்தானா?

இதை யாரிடமும் கேட்க முடியாது. அகிலாண்டத்திடம் கேட்டால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். கேட்கக் கூடிய ஒரே சாட்சி இந்த எலும்புதான். நாலாம் வாரம் படம் எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள், அது துக்கத்தில் நின்றுபோயிற்று. இன்றைக்கு எடுப்பார்கள். எலும்பு வைத்தது வைத்தபடி நேராகச் சேர்ந்திருந்தால், அவள் கையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று அர்த்தம். இறங்கியிருந்தால், அழுத்தியிருக்கிறாள். ஊரில் எல்லோரும் எலும்பு நன்றாகச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள் கோணலாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோணலாக இருந்தாலோ டாக்டரின் கண் நேரே அந்தப் பிறை வெட்டுக்குப் போகும், பழி அவர் தலையில் விழும். அவரைக் காப்பாற்றினால் தனக்குச் சாட்சி இல்லை, சாட்சி வேண்டுமென்றால் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனுஷன் அரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். டீச்சர், எனக்கு வலிச்சுது, நீ நல்லாத்தான் அழுத்தினே என்று. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. என்னங்க என்று வாய்க்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். “பதினேழு!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கட்டுப் பிரிக்கிற சவரிமுத்து ஐம்பது வயசுக்காரர், உடம்பெல்லாம் மாவுப் பொடி. அகிலாண்டத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டு, “உக்காருங்கம்மா, கையை இப்படி வையுங்க” என்றார். வைத்தாள். அவர் கண் உடனே அங்கேதான் போயிற்று. “இது என்னம்மா, ஓரம் போயிருக்கு?”

“மேடையில இடிச்சுக்கிட்டேன். உடைஞ்சிருச்சு.”

சவரிமுத்து பிறையின் மேல் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். “உடைஞ்சதா? உப்புத்தாள் போட்ட மாதிரி வழவழன்னு இருக்குதேம்மா. நானே இவ்வளவு சுத்தமா எடுக்க மாட்டேன். யாரோ வேலை தெரிஞ்ச ஆளு.”

அவள், வேலை தெரிஞ்ச ஆளு என்பதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். மெஷின் அலறியது. பொடி பறந்தது. இரண்டு பக்கமும் கீறி, இடுக்கியால் நெம்பி, கட்டை இரண்டாகப் பிளந்து பக்கத்திலிருந்த டிரம்மில் போட்டார். பென்சில் கோடு மேலே தெரிகிற மாதிரி விழுந்தது, அதனடியில் யாருடையதோ காலின் கட்டு ஏற்கெனவே கிடந்தது. கையைப் பார்த்தாள். வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஒட்டி உலர்ந்து, மயிர் வளர்ந்து, மணிக்கட்டைச் சுற்றிப் பழுப்பாகச் செதில் செதிலாகத் தோல். ஒரு மாதிரியான புளித்த வாடை. இருந்தது. அவள் நினைத்தபடியே உள்ளே இருந்தது. சவரிமுத்து பஞ்சைத் தேங்காயெண்ணெயில் தோய்த்தார்.

“துடைக்காதீங்க.”

“ஏம்மா?”

“வீட்டுல போய் நானே கழுவிக்கிறேன்.”

“இப்படியே எக்ஸ்ரேக்கு அனுப்பினா அந்தப் பொண்ணு என்னைத் திட்டுமேம்மா” என்று சிரித்துக்கொண்டே பஞ்சை வைத்துவிட்டார். பழக்கப்பட்ட கை. நாலே இழுப்பு. மணிக்கட்டில் வெளுத்துச் சிவந்த புதுத் தோல் தெரிந்தது, குழந்தைத் தோல் மாதிரி, யாரும் தொடாத தோல். பஞ்சு கூடைக்குப் போயிற்று. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியின் காற்று முதல் தடவையாக அங்கே பட்டு, கை சில்லிட்டது. சரி, உனக்கும் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. பக்கத்து அறையில் கையைக் கவிழ்த்தும் சாய்த்தும் இரண்டு படம் எடுத்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண்தான், அவள் மாணவிகள் வயசு. படத்தை விளக்கின் மேல் மாட்டி, எலும்பின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“எலும்பு சேர்ந்திருச்சும்மா. ஆனா வெச்ச இடத்துல சேரலை. இந்தப் பெரிய எலும்பு உள்ள இறங்கி, கொஞ்சம் கோணலா சேர்ந்திருக்கு. தெரியுதா?”

தெரிந்தது. கருப்பில் வெள்ளையாக, ஆர எலும்பின் நுனி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. “எவ்வளவு இறங்கியிருக்கு?” என்றாள்.

“ஆறு மில்லிமீட்டர் இருக்கும். நடுவுல செக்கப்புக்கு வரலையா நீங்க? இந்தக் கையை எங்கயாவது பலமா ஊணினீங்களா? மறுபடி விழுந்தீங்களா?”

“விழலை. ஊணினேன்.” குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. “என் வீட்டுக்காரருக்கு நெஞ்சை அழுத்தினேன். பன்னிரண்டு நிமிஷம்.”

டாக்டர் அவள் நெற்றியைப் பார்த்தாள், வெறும் இடது கையைப் பார்த்தாள், பேனாவை மூடி வைத்தாள். “அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல எலும்பு மெலிஞ்சிருக்கும், தானாவே இறங்கும். நிறையப் பேருக்கு இப்படி ஆகும். நீங்க அதை மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க.”

நல்ல பெண். ஆறுதலாகத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் சொல்லச் சொல்ல மங்கையர்க்கரசிக்கு, கையில் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. “தானா இறங்கலை டாக்டர்” என்றாள். வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. “நான் அழுத்தினேன், அதுல இறங்கியிருக்கு. கட்டோட ஓரத்தையும் அவர் அறுத்து விட்டிருந்தார், நான் பேனா பிடிக்கணும்னு. மேடையில இடிச்சுக்கிட்டேன்னு கட்டுப் பிரிக்கறவர்கிட்ட சொன்னது பொய். அவர்தான் அறுத்தார். இடம் கிடைச்சுது, இறங்கிச்சு.”

டாக்டர் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள். “சரிம்மா. வேணும்னா அந்த இடத்துல மறுபடி அறுத்து, நேராக்கி, தகடு வெச்சுடலாம். அப்படியே விட்டா துணி முறுக்க, பளு தூக்கக் கொஞ்சம் சிரமம் இருக்கும்.”

“எழுதலாமா?”

“தாராளமா எழுதலாம்.”

“அப்ப இருக்கட்டும்.” பிறகு, கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, “பத்து வருஷத்துல எலும்பு புதுசாயிடுமே டாக்டர். அப்ப இது?” என்றாள்.

“புதுசானாலும் இதே வடிவத்துலதான்மா ஆகும். இந்த வயசுக்கு மேல கோணல் போகாது.”

“போகாதுல்ல?”

“போகாது” என்றாள் டாக்டர், அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டு.

படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்தாள். அகிலாண்டம் எழுந்து ஓடி வந்து, புதுக் கையைத் தொடப் பயந்துகொண்டு இடது கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன அண்ணி சொன்னாங்க? நேரா சேர்ந்திருச்சா?”

“இல்லை அகிலா. இறங்கியிருக்கு.” சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே, இருபத்தொரு நாளாக வராத அழுகையும் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு நூல் இறங்கியிருக்கு. நல்லாத்தான் அழுத்தியிருக்கேன்.”